கேள்வி மேடை: ராமானுஜன் இன்று கடிதம் போட வேண்டியிருக்குமா?

சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ராமானுஜன், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தேன். உலகெங்கும் உள்ள கணித அறிஞர்கள் இன்று தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையைப் பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்றும் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி வடசென்னையிலிருந்து வந்தவை. அதில் வியப்பில்லை. பிராட்வேயை ஒட்டிய சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்வந்த மனிதரை, இப்பகுதி மக்கள் கும்பகோணத்துக்கு முழுதாக விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, ராமானுஜன் இன்று இருந்திருந்தால் ஹார்டிக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது, கண்டுபிடித்ததையெல்லாம் இணையத்தில் ஏற்றியிருப்பார், உலகமே பார்த்திருக்கும் என்று எங்கள் வகுப்பில் ஒரு சாரார் வாதிட்டார்கள். உங்கள் கருத்து என்ன?
— இளநிலைக் கணித மாணவி, வியாசர்பாடி

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி சரி. முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம்.

ராமானுஜனுக்கு இளமையில் கிடைத்த பெரிய நூல், கார் என்ற ஆங்கிலேயர் மாணவர்களுக்காகத் தொகுத்த ஏறத்தாழ 5,000 முடிவுகளின் பட்டியல். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் என்னென்ன நடந்திருந்தது என்பது அவர் கைக்கு எட்டவில்லை. ஆகவே ஏற்கெனவே பிறர் கண்டுபிடித்திருந்த பலவற்றை அவர் தனியாக மறுபடியும் கண்டுபிடித்தார். ஹார்டி அந்தக் கடிதத்தைப் படித்தபோது சிலவற்றை முன்பே அறிந்தவை என்று அடையாளம் கண்டார். சிலவற்றைப் போன்ற எதையும் அவர் அதுவரை பார்த்ததே இல்லை. ஓர் அபூர்வமான மூளையின் ஆண்டுகள் பல, ஒரு நல்ல நூலகம் இல்லாத காரணத்தால், திறந்து கிடந்த கதவுகளைத் தட்டுவதில் கழிந்தன.

இன்னொரு குறை காகிதம். விலை கொடுத்து வாங்க முடியாததால் அவர் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். வழிமுறை அழிந்தது, விடை மிஞ்சியது. அந்த நோட்டுகளை மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் படியெடுத்து 1957-இல்தான் வெளியிட்டது. அவற்றிலுள்ள முடிவுகளுக்கு வழி தேடுவது பல அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுக்கால வேலையாக இருந்தது.

இந்த இரண்டு குறைகளும் இன்று அநேகமாகத் தீர்ந்துவிட்டன. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலர் 1991 ஆகஸ்டில் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் மின் களஞ்சியம், 2001 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. ஆய்விதழில் அச்சாவதற்கு முன்பே கட்டுரையின் வரைவை ஆசிரியரே அதில் ஏற்றிவிடலாம். படிப்பவருக்கும் ஏற்றுபவருக்கும் கட்டணம் இல்லை. ரஷ்யக் கணித அறிஞர் கிரிகோரி பெரல்மான் 2002 நவம்பரில் அங்கே ஒரு கட்டுரையை ஏற்றினார், அடுத்த ஆண்டு மேலும் இரண்டு. வடிவங்களின் இயல்பைப் பற்றி நூறாண்டு நிரூபிக்கப்படாமல் நிலுவையிலிருந்த புவான்காரே யூகத்துக்கான நிரூபணம் அவற்றில் இருந்தது. அவற்றை எந்த ஆய்விதழுக்கும் அவர் அனுப்பவேயில்லை. உலகின் அறிஞர்கள் பல குழுக்களாக அமர்ந்து சில ஆண்டுகள் சரிபார்த்து, நிரூபணம் சரிதான் என்றார்கள். பத்து லட்சம் டாலர் பரிசை அவர் வேண்டாமென்றது தனிக் கதை.

இனி மற்றப் பாதி. பெரல்மான் அப்போதே துறையில் பெயர் பெற்றவர். அவர் பெயரைப் பார்த்ததும் திறந்து படிக்க ஆள் இருந்தது. இன்று எல்லாத் துறைகளுமாகச் சேர்த்து ஆர்க்கைவுக்கு மாதம் 20,000-க்கு மேல் கட்டுரைகள் வருகின்றன. பெயர் தெரியாத ஒரு துறைமுகக் குமாஸ்தாவின் கட்டுரை அந்த வெள்ளத்தில் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, முதல்முறை ஏற்றுபவருக்கு அத்துறையில் ஏற்கெனவே எழுதிவரும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். துறைமுகத்தில் ராமானுஜனுக்கு மேலதிகாரியாக இருந்து அவருடைய கணக்கைப் புரிந்துகொண்டு ஊக்கிய நாராயண ஐயரைப் போன்ற ஒருவர் இன்றும் வேண்டியிருக்கிறது. ஹார்டிக்கு முன் வேறு இரு கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்கும் ராமானுஜன் எழுதினார் என்றும், அவர்களிடமிருந்து உதவி வரவில்லை என்றும் சொல்வார்கள். தபால் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஹார்டி உட்கார்ந்து படித்து, பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். தபாலின் இடத்தில் மின்னஞ்சல் வந்துவிட்டது. உட்கார்ந்து படிக்கும் அந்த ஆளுக்கு மாற்று இன்னும் வரவில்லை. ஆகவே உங்கள் வகுப்பில் எதிர்வாதம் செய்தவர்களுக்கு என் ஓட்டு.

கேள்வி: நான் மண்ணடியில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்கிறேன். கல்லூரிக்காரர்கள் கணக்குக் கட்டுரை கொண்டுவந்தால் எங்களுக்குத் தலைவலி. இங்கே ஒழுங்காகத் தெரிகிற சமன்பாடு, அவர்களுடைய கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. கணித அறிஞர்கள் மட்டும் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— தட்டச்சர், மண்ணடி

பதில்: உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இதை விளக்குவது எளிது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம் இருந்ததும், ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகை அடுத்த கடையில் திறந்தால் புரியாத குறிகளாகக் கொட்டியதும் உங்கள் கடையின் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கணிதத்துக்கும் அதே நோய்தான். எழுத்தின் தோற்றத்தைச் சேமித்தால் அது அந்தக் கணினியோடு நின்றுவிடும். எழுத்து எது என்பதைச் சேமித்தால் எங்கும் போகும்.

டொனால்டு நூத் என்ற கணினி அறிஞர் 1977-இல் தம்முடைய நூலின் மறுபதிப்புக்கான அச்சுப்படியைப் பார்த்து, எழுத்துகள் அசிங்கமாக இருந்ததால் மனம் நொந்து, அச்சுக்கோப்புக்கென்றே ஒரு மென்பொருளை எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். சில மாதங்களில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக் என்பதைத்தான் இன்று உலகில் பெரும்பாலான கணித அறிஞர்கள் பயன்படுத்துகிறார்கள். வர்க்கமூலத்துக்கு ஒரு பின்சாய்கோடும் நான்கெழுத்துக் கட்டளையும், பின்னத்துக்கு இன்னொரு நான்கெழுத்துக் கட்டளையும், முன்னும் பின்னும் ஒரு டாலர் குறியும் போதும். சாதாரண விசைப்பலகையில் அடிக்கக்கூடிய வெறும் எழுத்துகள் இவை. இருபது ஆண்டு கழித்துத் திறந்தாலும் உடையாது. இதற்கு விலையும் கிடையாது.

இந்த வெறும் எழுத்துகளுக்கு நான் கண்ட இன்னொரு பயன் உண்டு. இரு அறிஞர்கள் பேசும்போது, அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலில் படமோ இணைப்போ இல்லாமல், டெக் கட்டளைகளையே வாக்கியத்துக்கு நடுவில் எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் அதை மனத்துக்குள் சூத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார். சுருக்கெழுத்தர்கள் கோடுகளைப் பார்த்து வாக்கியத்தைக் கேட்பது மாதிரிதான். உங்கள் கடையில் ஒருவர் லேடெக் கற்றுக்கொண்டால், சுற்றியுள்ள கல்லூரிகளின் ஆய்வேடுகள் முழுவதும் உங்களிடம் வந்துவிடும். கற்க இரண்டு வாரம் ஆகும். பக்கத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஒரு கட்டுரையைத் தரவிறக்க முயன்றால் 3,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறது. எங்கள் நூலகத்தில் எந்தச் சந்தாவும் இல்லை. கணிதம் உலகப் பொது என்று மேடையில் பேசுகிறார்கள். என் மேசைக்கு அது வருவதில்லை.
— உதவிப் பேராசிரியர், செங்குன்றம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கட்டுரையை எழுதுபவருக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது, சரிபார்க்கும் நடுவர் இலவசமாகச் சரிபார்க்கிறார், தட்டச்சுக்கூட ஆசிரியரே செய்துவிடுகிறார். கடைசியில் அதே பல்கலைக்கழகம் அதை விலை கொடுத்து வாங்குகிறது. ஊரார் வீட்டு நெய்யை வார்த்து ஊராருக்கே விருந்து வைத்து, இலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பது போன்றது இது. 2006-இல் டோப்பாலஜி என்ற புகழ்பெற்ற ஆய்விதழின் ஆசிரியர் குழுவினர் விலையைக் காரணம் காட்டி மொத்தமாக விலகி, 2008 முதல் வேறொரு இதழை நடத்தத் தொடங்கினார்கள். 2012-இல் பிரிட்டிஷ் கணித அறிஞர் திமோதி கவர்ஸ் தொடங்கிவைத்த புறக்கணிப்பில், எல்செவியர் பதிப்பகத்தின் இதழ்களுக்கு எழுதமாட்டோம், நடுவராகவும் இருக்கமாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள்.

நமது நாட்டில், அரசே சந்தா கட்டி ஆய்விதழ்களைத் திறந்துவிடும் ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் என்பது கணக்கு. ஆனால் அந்த நிறுவனங்கள் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ளவை. பிராட்வேயிலோ வியாசர்பாடியிலோ உள்ள அரசுக் கல்லூரியில் படிப்பவருக்குத் திறக்கும் கதவு, அதே பாடத்திட்டத்தைச் சுயநிதிக் கல்லூரியில் நடத்தும் உங்களுக்குத் திறப்பதில்லை. இது திட்டத்தின் பெருங்குறை என்பது என் எண்ணம்.

அதுவரை என்ன செய்வது? கட்டுரையின் தலைப்பை முதலில் ஆர்க்கைவில் தேடுங்கள். கடந்த இருபது ஆண்டுக் கணிதத்தில் நல்ல பகுதி அங்கே இருக்கிறது, அச்சான வடிவத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் பக்க எண்தான் வேறுபடும். ஒரு தலைப்பில் இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அறிய, ஜெர்மனியிலிருந்து இயங்கும் இசட்பி-மேத் ஓப்பன் என்ற தரவுத்தளம் இருக்கிறது. அதில் 1868 முதலான கணித எழுத்துகளின் விவரமும், பலவற்றுக்கு மதிப்புரையும் கிடைக்கும். 2021 வரை அதற்கும் சந்தா இருந்தது, இப்போது யாரும் பார்க்கலாம். பிரெஞ்சு இதழ்களின் பழைய தொகுதிகளை நும்டம் என்ற களஞ்சியத்தில் எடுக்கலாம். நம்மவர்களில், ஆர். பாலசுப்பிரமணியனும் கே. ராமச்சந்திராவும் 1978-இல் தொடங்கிய ஹார்டி-ராமானுஜன் இதழ் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எழுதுவதற்கும் கட்டணம் கிடையாது. பெங்களூரு இந்திய அறிவியல் அகாதெமியும் தன் கணித இதழின் கட்டுரைகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது.

எதிலும் கிடைக்கவில்லையென்றால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீல நிற ஏரோகிராம் வாங்கி, இன்ன ஆண்டு இன்ன இதழில் வெளியான தங்கள் கட்டுரையின் படியொன்றை அன்புகூர்ந்து அனுப்பவும் என்று எழுதிப் போடுவேன். ஒன்றரை மாதத்திலும் வரும், மூன்று மாதத்திலும் வரும், வராமலும் போகும். ஒருமுறை, வாழ்த்துக்குறிப்போடு கட்டுரையின் அடுத்த பகுதியின் கையெழுத்துப்படியையும் சேர்த்து ஒருவர் அனுப்பியிருந்தார். அன்று நான் வகுப்பில் பாடம் நடத்தவில்லை, மாணவர்களிடம் அந்த உறையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அதே பதில் ஒரே நாளில் வருகிறது. எவரும் அவமதிப்பாக நினைப்பதில்லை, தம் கட்டுரையைப் படிக்க ஒருவர் விரும்புகிறார் என்பதில் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதும் கட்டுரையை நீங்களும் திறந்து வையுங்கள். சர்வதேசக் கணித ஒன்றியம் இவற்றுக்கென்று 1998-இல் மின் தகவல், தொடர்புக் குழு ஒன்றை அமைத்தது. 2001-இல் அந்த ஒன்றியம் உலகக் கணித அறிஞர்கள் அனைவருக்கும் விடுத்த வேண்டுகோளின் சாரம், தங்களுடைய எழுத்துகளைப் பழையவை உட்பட இயன்றவரை மின்வடிவில் கிடைக்கச் செய்யுங்கள் என்பதுதான். உலகக் கணிதம் முழுவதையும் ஒரே மின்னூலகமாக்கும் கனவைப் பற்றியும் அந்த ஒன்றியம் 2006-இலிருந்து பேசிவருகிறது. பதிப்புரிமை நூறு பேரிடம் சிதறிக் கிடப்பதால் அது இன்னும் கனவாகவே இருக்கிறது. தனி ஆள் தன் கட்டுரையை ஏற்றுவதற்கு அப்படி எந்தத் தடையும் பெரும்பாலும் இல்லை. இருந்தும் நம் கல்லூரிகளில் எத்தனை பேர் செய்கிறார்கள்?

கேள்வி: நான் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இரண்டைவிடப் பெரிய இரட்டை எண் ஒவ்வொன்றையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்ற கோல்ட்பாக் யூகத்துக்கு நிரூபணம் கண்டிருக்கிறேன். ஒரு சர்வதேச இணைய இதழ் ஏழு நாளில் வெளியிடுவதாகவும் 15,000 ரூபாய் அனுப்பும்படியும் எழுதியிருக்கிறது. அனுப்பலாமா?
— ஓய்வுபெற்ற ஊழியர், காசிமேடு

பதில்: அனுப்பாதீர்கள் ஐயா. ஒரு கணித நிரூபணத்தை நடுவர் ஏழு நாளில் படித்து முடிப்பதில்லை. நல்ல இதழ்களில் ஆறு மாதம், ஓராண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் இன்று பெரும் தொழிலாகிவிட்டன. மின்வெளியில் செய்தி பரவுவது மலிவானதும் கூடவே பொய்ச் செய்தியும் மலிவாகிவிட்டது. ஒருவர் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை சுட்டினார்கள் என்ற மேற்கோள் எண்ணிக்கையைக் கணிதத்தில் ஊதிப் பெருக்கும் வேலை எவ்வளவு முற்றிவிட்டது என்றால், அதிகம் மேற்கோள் காட்டப்படும் அறிஞர்கள் என்ற தன் ஆண்டுப் பட்டியலிலிருந்து கிளாரிவேட் நிறுவனம் 2023-இல் கணிதத் துறையையே எடுத்துவிட்டது. தரமான இதழ்களை அடையாளம் காட்டப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது; இனி அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்துகொள்ள வேண்டுமாம்.

கோல்ட்பாக் யூகம் 1742-இல் ஒரு கடிதத்தில் எழுதப்பட்டது. கோல்ட்பாக் அதை ஆய்லருக்கு எழுதினார். ஆய்லரும் சரியாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் என்னால் நிரூபிக்க முடியவில்லை என்றார். இன்றுவரை நிலைமை அதுவே. உங்கள் நிரூபணத்தில் பிழை இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, பெரிய பேராசிரியர்கள் எழுதியவற்றிலும் பிழை கண்டிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள ஒரு கல்லூரியின் கணித ஆசிரியரிடம், முழுவதையும் நீட்டாமல், எந்த அடியில் பழையவர்கள் தாண்ட முடியாததை நீங்கள் தாண்டுகிறீர்களோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். முப்பது பக்கம் என்றால் யாரும் தொடமாட்டார்கள், ஒரு பக்கம் என்றால் டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடுவார்கள். 15,000 ரூபாயை வீட்டில் கொடுங்கள்.

கேள்வி: என் மகள் பார்வைக் குறைபாடு உள்ளவள். கணிதத்தில் ஆர்வம் அதிகம். தமிழ்ப் பாடமும் வரலாறும் திரைவாசிப்பான் நன்றாகப் படித்துக் காட்டுகிறது. கணக்கு வந்தால் ஏதோ உளறுகிறது. இதற்கு வழி உண்டா?
— ஒரு தாய், பெரம்பூர்

பதில்: வழி உண்டு அம்மா. முதலில் ஏன் உளறுகிறது என்று பார்ப்போம். நமக்கு வரும் பெரும்பாலான கோப்புகளில் சூத்திரம் என்பது தாளில் எழுத்துகள் எங்கெங்கே நிற்கின்றன என்ற வரைபடம் மட்டுமே. கண் அந்த மேல்கீழைப் பார்த்துப் பின்னம் என்று புரிந்துகொள்ளும். கருவி இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே போகும். மூன்று கூட்டல் ஐந்து, கீழே இரண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். எட்டை இரண்டால் வகுத்து நான்கு என்று சொல்ல வேண்டியதா, மூன்றோடு இரண்டரையைச் சேர்த்து ஐந்தரை என்று சொல்ல வேண்டியதா? கோடு எதுவரை நீள்கிறது என்பது தெரியாமல் எவராலும் சொல்ல முடியாது. கேட்பவருக்கு அந்தக் கோட்டைத் தெரியப்படுத்துவதுதான் பிரச்சினை.

புணேயில் வளர்ந்த டி.வி. ராமன், தாமே பார்வையற்றவர், 1994-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். டெக்கில் எழுதிய கட்டுரையைக் கணினி பேசிக்காட்டும் முறையை அவர் உருவாக்கினார். அடுக்குக்குறியைச் சற்று உயர்ந்த குரலில், கீழ்க்குறியைத் தாழ்ந்த குரலில் சொல்லும். பிறகு 1998-இல் சூத்திரத்தின் அமைப்பையே இணையப் பக்கத்தில் குறித்துவைக்கும் மேத்-எம்.எல். என்ற மொழி தரப்படுத்தப்பட்டது. ஆர்க்கைவ் 2023 டிசம்பரிலிருந்து, டெக்கில் வந்த புதிய கட்டுரைகளை இணையப் பக்க வடிவிலும் தருகிறது. பார்வையற்ற ஆய்வாளர்கள் பல ஆண்டு கேட்டது இது. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானில் மேத்கேட் என்ற இலவசத் துணைக்கருவியைச் சேர்த்தால், சூத்திரத்தை உறுப்பு உறுப்பாக, முன்னும் பின்னும் நகர்ந்து கேட்கலாம்.

மகளின் ஆசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: பாடக்குறிப்பை ஒளிப்படமாக எடுத்து வாட்ஸப்பில் போடாமல், லேடெக்கிலோ, வேர்டின் சமன்பாட்டுக் கருவியிலோ அடித்துக் கோப்பாகத் தரச் சொல்லுங்கள். மண்ணடி வாசகருக்குச் சொன்னதும் இதுவும் ஒரே மருந்துதான்.

கேள்வி: பலர் கூடிக் கணக்குப் போடுவது சாத்தியமா? நாங்கள் முப்பது ஆசிரியர்கள் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். உருப்படியாக எதுவும் நடப்பதில்லை.
— பட்டதாரி ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: அந்தக் குழுவில் செவ்வாய்க்கிழமை ஒருவர் போட்ட அழகான நிரூபணம் புதன்கிழமைக் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும், எனக்கும் அனுபவம் உண்டு. இடம் தப்பு, கூட்டு முயற்சி தப்பில்லை.

2009-இல் கவர்ஸ், கடினமான ஒரு தேற்றத்துக்குப் புது நிரூபணம் காணும் முயற்சியை எல்லோர் கண்முன்னும் நடத்தினார். ஒவ்வொருவரும் அரைகுறை எண்ணத்தைக்கூடத் தயங்காமல் எழுத வேண்டும் என்பது விதி. பாலிமேத் என்று பெயர் பெற்ற அந்த வழியின் சிறந்த பலனை 2013-இல் பார்த்தோம். வித்தியாசம் 7 கோடியைத் தாண்டாத பகா எண் இணைகள் முடிவில்லாமல் உள்ளன என்று யிடாங் சாங் அவ்வாண்டு நிரூபித்தார். 7 கோடி என்பது பெரிய எண். ஆனால் ஓர் எல்லை உண்டு என்பதே அதுவரை தெரியாது. டெரன்ஸ் டாவ் முன்னின்று நடத்திய கூட்டு முயற்சி சில மாதங்களில் அதை 4,680-ஆகக் குறைத்தது. அப்போது ஜேம்ஸ் மேனார்டு தனியாக வேறொரு வழியில் வந்து 600 என்றார். கூட்டத்தார் அவரையும் சேர்த்துக்கொண்டு 2014-இல் 246-இல் வந்து நின்றார்கள். பெரிய தாண்டல்கள் இரண்டும் தனியாள் செய்தவை, இடைப்பட்ட செதுக்கல் கூட்டத்தின் வேலை. இதைக் கவனிக்காமல் கூட்டு முயற்சியைப் புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அண்மைக் காலத்தில் லீன் என்ற மென்பொருள் இந்தக் கூட்டுவேலையை வேறு தளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. நிரூபணத்தை அதன் மொழியில் எழுதினால், ஒவ்வொரு அடியும் முந்தைய அடியிலிருந்து வருகிறதா என்று கணினியே பார்த்துவிடும். 2020 டிசம்பரில் ஜெர்மானியக் கணித அறிஞர் பீட்டர் ஷோல்ட்சே, தம்முடைய ஒரு தேற்றம் சரிதானா என்று தமக்கே முழு உறுதி இல்லை, சரிபாருங்கள் என்று பொதுவில் கேட்டார். கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர் அப்படிக் கேட்டதே எனக்குப் பெரிதாகப்பட்டது. 2022 ஜூலையில் சரிபார்ப்பு முடிந்தது. இதனால் வரும் பெரிய வசதி, கூட்டாளியை நம்ப வேண்டிய தேவை குறைவது. திருவொற்றியூரிலிருந்து ஒருவர் ஒரு துணைத்தேற்றத்தை எழுதி அனுப்பினால், அவர் யார், எங்கே படித்தார் என்று எவரும் விசாரிக்கத் தேவையில்லை. கணினி ஏற்றால் ஏற்றதுதான்.

உங்கள் குழுவுக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்து, எல்லோரும் திருத்தக்கூடிய ஒரே கூகுள் ஆவணத்தில் எழுதுங்கள். பேச்சு வாட்ஸப்பில் ஓடட்டும், முடிவு மட்டும் ஆவணத்துக்குப் போகட்டும்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எண்களில் ஏதாவது ஒழுங்கு கண்டுபிடித்தால் அது புதியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.
— மாணவன், எண்ணூர்

பதில்: தம்பி, எண்களுக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. நீல் ஸ்லோன் என்பவர் 1964-இல் மாணவராக இருந்தபோது அட்டைகளில் எழுதத் தொடங்கிய எண் வரிசைகளின் தொகுப்பு, 1996 முதல் இணையத்தில் கலைக்களஞ்சியமாக இருக்கிறது. மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வரிசைகள் அதில் உள்ளன. நீ கண்ட வரிசையின் முதல் நான்கைந்து எண்களை இடையில் காற்புள்ளி வைத்து அடித்தால், அது முன்பே அறிந்ததா, யார் கண்டார்கள், சூத்திரம் என்ன என்பதெல்லாம் வரும். காரின் நூலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாமல் ராமானுஜன் இருந்தாரே, அந்த நிலை உனக்கு இல்லை.

1729, 4104, 13832 என்று அடித்துப் பார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய எண்கள் இவை. 1729 என்பது 1, 12 ஆகியவற்றின் கனங்களின் கூட்டல். 9, 10 ஆகியவற்றின் கனங்களின் கூட்டலும் அதுவே. 4104-க்கு 2, 16 என்பது ஒரு விதம், 9, 15 என்பது இன்னொரு விதம்.

தமிழில் எழுதுவதைப் பற்றியும் கவலைப்படாதே. யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் டெக்கின் வடிவமான சீ-டெக் வந்தபின் தமிழ் வாக்கியமும் சூத்திரமும் ஒரே பக்கத்தில் ஒழுங்காக அமைகின்றன. விடுமுறை நாளில் ராயபுரம் சோமு செட்டித் தெருவிலுள்ள ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குப் போய்வா. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் ராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித்தேடிச் சேர்த்தவர். 1993-இல் அந்த இடம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

ராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு கேள்வி போட்டார், அதன் எண் 289. √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்பதன் மதிப்பு என்ன? மூன்று இதழ்கள் வந்தன, ஒருவரும் விடை அனுப்பவில்லை, கடைசியில் அவரே சொன்னார்: 3. மூன்றை √(1+2×4) என்றும், அந்த நான்கை √(1+3×5) என்றும், அந்த ஐந்தை √(1+4×6) என்றும் எழுதிக்கொண்டே போனால் உனக்கும் தெரியும். நானும் உனக்கு ஒன்று போடுகிறேன். மேலே சொன்ன வரிசையில் 13832-க்கு அடுத்த எண் 20683. அதைக் கனங்களின் கூட்டலாக எழுதும் இரண்டு விதங்களையும், களஞ்சியத்தைத் திறக்காமல், தாளில் போட்டுக் கண்டுபிடித்து, போட்ட வழியோடு எழுதி அனுப்பு.